தராசுக் கணக்கும் ஈரல் கணக்கும்

அன்புள்ள மாப்ளே,

பதில் போடாமல் இருந்ததற்கு நீ திட்ட நினைத்ததையெல்லாம் நானே திட்டிக்கொண்டுவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். நம் கணக்குப்பிள்ளை இன்னும் அப்படியேதான் இருக்கிறார், அதே குடை, அதே சந்தேகம். நலம் விசாரிப்பு இத்தோடு போதும். அடுத்த தொகுதி மாடுகள் உன் பட்டியில் இறங்குவதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருந்தாக வேண்டும்.

நீ அனுப்பிய தீவன அட்டவணையையும் அறுப்புக்கூடச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உனக்கு மூன்று குறை: உரித்த எடை (தோல், தலை, குடல் போக மிஞ்சும் உடல்) உயிர் எடையில் 60 சதவீதத்தைத் தொடவில்லை, பத்து ஈரலில் மூன்றைக் கழித்துவிட்டார்கள், சதைக்குள் கொழுப்பு இழை ஓடவில்லை. காரணம் இனம் என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். இனி வைக்கோலை 10 சதவீதத்திலிருந்து 5 ஆக்கி, மக்காச்சோளத்தில் பாதியை எடுத்துவிட்டுக் கோதுமை போடப் போகிறாயாம். அடப்பாவி, வாயில்லா ஜீவன் மேல் பழி போடுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

முதல் குறை குறையே இல்லை. 350 கிலோவில் வாங்கிய மாட்டை 140 நாள் கழித்து 590 கிலோ என்று எழுதியிருக்கிறாய். நாளுக்கு 1.71 கிலோ ஏற்றம் என்று அடிக்கோடு வேறு. வாங்கும்போது லாரியில் வந்து வயிறு காய்ந்த மாட்டை எடை போட்டாய். விற்கும்போது காலைத் தீவனமும் தண்ணீரும் முடித்த மாட்டை எடை போட்டாய். நடுவில் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு குடலில் கிடந்த சரக்கு. வயிற்றுச் சரக்குக்காக 4 சதவீதம் கழிப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். 590-ல் கழித்தால் 566. குளிர் அறைக்குப் போகுமுன் போட்ட சூடான உரித்த எடை 352 கிலோ. 352-ஐ 566-ஆல் வகுத்துப் பார், 62 சதவீதம் வரும். தானியம் தின்ற மாட்டுக்கு அது ஒழுங்கான எண்தான். ஆனால் அதே கணக்கு உன் 1.71-ஐயும் இறக்கிவிடும். உரித்த எடையை 0.62-ஆல் வகுத்து, வரும் 568-ஐ விற்பனை எடையாக வைத்துக்கொண்டால் நாளுக்கு 1.56 கிலோதான் ஏறியிருக்கிறது. இனி எல்லாத் தொகுதிக்கும் இப்படி உரித்த எடையிலிருந்தே ஏற்றத்தைக் கணக்கிடு. இல்லாவிட்டால் வைக்கோல் அதிகம் தின்று வயிறு பெருத்த மாடு உன் கண்ணுக்கு வளர்ந்த மாடாகத் தெரியும்.

ஈரல் விஷயம்தான் என்னை உட்காரவிடவில்லை.

சீழ்க்கட்டி ஈரலில் தெரிகிறது, ஆனால் தொடங்குவது ஈரலில் இல்லை. மாவுச்சத்து திடீரென்று அதிகமாக முதல் வயிற்றில் விழுந்தால் அதை நொதிக்கவைக்கும் கிருமிகள் பெருகி அமிலத்தைக் கொட்டுகின்றன. அமில கார அளவு (pH, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.6-க்குக் கீழே இறங்கி மணிக்கணக்காக நின்றால் அது மறைமுக அமில நோய். 5.2-க்குக் கீழே போனால் லாக்டிக் அமிலம் குவிந்து மாடு படுத்துவிடும். படுத்த மாட்டை நீ பார்த்துவிடுவாய், வைத்தியமும் செய்வாய். மறைமுகமானதில் மாடு நிற்கும், தின்னும், எடையும் போடும். ஆனால் வயிற்றுச் சுவரின் மெல்லிய காம்புகள் வெந்துபோகும். அந்தப் புண் வழியாக ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற கிருமி ரத்தத்தில் ஏறி நேராக ஈரலுக்குப் போய்க் கூடு கட்டும். அறுக்கும் நாள் வரை வெளியே ஓர் அறிகுறியும் இருக்காது. கட்டி பெரிதானால் ஈரல் மட்டும் போவதில்லை. ஈரல் உதரவிதானத்தோடு ஒட்டிக்கொண்டு, அந்தக் கறியையும் வெட்டி எறிய வேண்டிவரும். வளர்ச்சியும் மந்தப்பட்டிருக்கும். அதாவது உன் 1.56-லேயே கொஞ்சம் ஏற்கெனவே போய்விட்டது.

இப்போது உன் அட்டவணையைப் பார். மாடு இறங்கிய ஒன்பதாம் நாளே 10 சதவீத வைக்கோலில் நிற்கிறாய்! லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் கிருமிகளும் இருக்கின்றன, ஆனால் அவை மெதுவாகத்தான் பெருகும். வயிற்றுச் சுவரும் அமிலத்தை வேகமாக உறிஞ்சப் பழக வேண்டும். இரண்டுக்கும் மூன்று வாரமாவது கொடு. எல்லாம் உலர்பொருள் கணக்கில், அதாவது ஈரத்தைக் கழித்த எடையில்: முதல் ஏழு நாள் நார்த்தீவனம் 45 சதவீதம், அடுத்த ஏழு நாள் 35, அடுத்த ஏழு நாள் 22, பிறகு 10. இந்தக் கணக்கைத் தொடங்கும் முன், வந்து இறங்கிய முதல் இரண்டு நாள் நல்ல உலர்புல்லும் தண்ணீரும் மட்டும் போதும், அந்தக் களைப்பில் உடல் எடையில் ஒன்று, ஒன்றரை சதவீதத்துக்கு மேல் அவை எப்படியும் தின்னாது. நார்ச் சதவீதம் மாறும் நாளில் அளவைக் கூட்டாதே. அளவைக் கூட்டும் நாளில் சதவீதத்தை மாற்றாதே. இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டு மறுநாள் சாம்பல் நிறத்தில் நுரைத்த சாணியைப் பார்த்து ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை.

அட்டவணையை விட எனக்குப் பயம் தந்தது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த தினசரி அளவுகள். ஒரு நாள் 8 கிலோ, மறுநாள் 11, அதற்கு மறுநாள் 7. சராசரி அழகாகத்தான் வருகிறது. ஆனால் சராசரியை எந்த மாடும் தின்பதில்லை. தொட்டி காய்ந்து கிடந்து பசித்த மாடு, தீவனம் விழுந்ததும் ஒரே மூச்சில் வாரித் தின்னும், அன்று இரவு அமிலம் ஏறும், அதனாலேயே மறுநாள் தின்னாது. தின்னாததைப் பார்த்து உன் ஆள் குறைப்பான், அடுத்த நாள் காலித் தொட்டியைப் பார்த்துக் கூட்டுவான். இந்த ஊஞ்சலை உன் பட்டியில் ஆட்டிக்கொண்டிருப்பது மாடு இல்லை, சட்டியைத் தூக்குகிறவன். நல்ல கலவையை ஒழுங்கில்லாமல் போடுவதை விட, சுமாரான கலவையை நேரம் தவறாமல் போடுவது மேல் என்பது என் கட்சி. நம் தாடிக்காரர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு எல்லாமே சூத்திரம்.

தினமும் காலைத் தீவனத்துக்கு முன், ஒரே ஆள், ஒரே நேரத்தில் தொட்டியைப் பார்த்து மதிப்பெண் போடட்டும். துடைத்துவிட்டது போல் இருந்தால் 0. அங்கங்கே சிதறலும் அடித்தளம் தெரிவதுமாக இருந்தால் அரை. ஒரு தானிய மணியின் கனத்துக்கு மெல்லிய படலமாக இருந்தால் 1. கால் பங்கிலிருந்து பாதி வரை மிச்சமிருந்தால் 2. மேலே மட்டும் கலைத்துவிட்டுப் பாதிக்கு மேல் விட்டிருந்தால் 3. தொடவே இல்லையென்றால் 4. உனக்கு வேண்டியது பெரும்பாலான நாள் அரை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 0 வந்து, தீவனம் போடும்போது எல்லா மாடும் வரிசையில் வந்து நின்றால், தலைக்கு கால் கிலோ முதல் அரை கிலோ உலர்பொருள் கூட்டு. ஒரே நாள் 0 வந்ததற்காகக் கூட்டாதே. 2 வந்தால் முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பார், வானத்தைப் பார், பிறகு தீவனத்தை முகர்ந்து பார். வெயில் கொளுத்தும் நாட்களில் பாதிக்கு மேற்பட்ட பங்கைச் சாயங்காலத்துக்கு ஒதுக்கு. புதுமாடுகளுக்குத் தொட்டியில் தலைக்கு 45 சென்டிமீட்டராவது இடம் வேண்டும், இல்லாவிட்டால் முரட்டு மாடு இரண்டு பங்கு தின்னும், சாது மாடு பட்டினி கிடக்கும். உன் சராசரி மட்டும் சரியாக இருக்கும்.

வைக்கோலை 5 ஆக்குவது பற்றி. அந்த 10 சதவீதத்தைச் சத்துக்காகப் போடுவதில்லை, அசைபோடுவதற்காகப் போடுகிறோம். அசைபோட்டால்தான் உமிழ்நீர் ஊறும், உமிழ்நீரில் உள்ள சோடா உப்புதான் அமிலத்தை அடக்கும். வைக்கோலைக் குறைப்பதற்குப் பதில் நறுக்கும் நீளத்தைக் கவனி. நீளமாக விட்டால் மாடு மூக்கால் ஒதுக்கிவிட்டுத் தானியத்தை மட்டும் பொறுக்கும், பொடியாக்கினால் அசைபோட ஒன்றும் இருக்காது. மூன்று நான்கு சென்டிமீட்டர் சரி. கொஞ்சம் தண்ணீரோ வெல்லப்பாகுக் கழிவோ தெளித்தால் தூள் ஒட்டிக்கொள்ளும், பொறுக்க முடியாது.

தானியங்களில் கோதுமைதான் வயிற்றில் வேகமாக நொதிப்பது, அடுத்து பார்லி, பிறகு மக்காச்சோளம், கடைசியில் வெள்ளைச்சோளம். வைக்கோலைப் பாதியாக்கிவிட்டுக் கோதுமையையும் ஏற்றுவது இரண்டு பக்கமும் பிரேக்கைக் கழற்றுவது. போட்டே தீரவேண்டுமென்றால் தானியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதையும் மெதுவாக. அரைவை பற்றியும் ஒரு வார்த்தை: உன் ஆலைக்காரன் மாவாக அரைத்துத் தருகிறான். மக்காச்சோளம் இரண்டு மூன்றாக உடைந்தால் போதும். நீராவியில் வேகவைத்து அவலாகத் தட்டினால் மாவுச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் செரிக்கும், தீவனமும் மிச்சமாகும். ஆனால் கொதிகலன் வைக்கும் அளவுக்கு மாடு இல்லாமல் அதில் இறங்காதே.

இன்னொன்று, சிறியது போல் தெரியும், சிறியதல்ல. உன் கலவையில் சுண்ணாம்புத் தூளே இல்லையே! மக்காச்சோளத்தில் பாஸ்பரஸ் 0.3 சதவீதம், கால்சியம் 0.03 தான். காயடித்த காளைக்கு இந்தத் தலைகீழ் விகிதத்தில் மூத்திரப்பையில் கல் கட்டும், குழாய் அடைக்கும், பை வெடித்தால் மாடும் காலி கறியும் காலி. உலர்பொருளில் 1.5 சதவீதம் சுண்ணாம்புத் தூள், அதாவது 10 கிலோவுக்கு 150 கிராம் சேர். புரதம் 13 சதவீதம் போதும், யூரியா உலர்பொருளில் 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், கட்டியில்லாமல் கலக்க வேண்டும். சாராய ஆலைக் கழிவுத் தானியம் மலிவு என்று எழுதியிருந்தாய். நல்ல பண்டம்தான், ஆனால் கந்தகத்தைப் பரிசோதித்து வாங்கு. குடிதண்ணீரையும் சேர்த்து மொத்தக் கந்தகம் 0.4 சதவீதத்தை நெருங்கினால் மூளை பாதித்து மாடு சுவரில் முட்டி நிற்கும்.

கடைசியாக உன் மார்பிளிங் ஆசை, அதாவது அந்தக் கொழுப்பு இழை. தோலடிக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்று நொதிப்பில் வரும் அசிடேட் என்ற அமிலத்திலிருந்து உருவாகிறது, சதைக்குள் இழையோடும் கொழுப்புக்குக் குளுக்கோஸ் கூடுதலாக வேண்டும். தானியத்தின் மாவுச்சத்து அதே நொதிப்பில் புரோப்பியோனேட் என்ற இன்னோர் அமிலமாகி, ஈரலில் குளுக்கோஸாகிறது. சீழ்கட்டிய ஈரலை வைத்துக்கொண்டு இழை ஓடவில்லையே என்று நீ என்னிடம் கேட்கிறாய்! இனத்துக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை, ஆனால் பாதி பழியாவது அட்டவணைக்குச் சேர வேண்டியது. இழை கண்ணுக்குத் தெரிவதும் கடைசியில்தான். அதற்குள் மற்ற இடக் கொழுப்பு முந்திக்கொள்ளும். அதனால் நாட்களை நீட்டினால் இழை கூடும், ஆனால் 12-ஆம் 13-ஆம் விலா எலும்புக்கு நடுவே முதுகுக் கொழுப்பும் தடிக்கும், கிலோ ஏற்றத்துக்கான தீவனம் ஆறிலிருந்து எட்டு ஒன்பதாகும். சதையில் முக்கால் பங்கு தண்ணீர், கொழுப்பில் தண்ணீர் கொஞ்சம்தான், அதனால் ஒரு கிலோ கொழுப்பு ஏற்றுவதற்குச் செலவு அதிகம். முதுகுக் கொழுப்பு 10 முதல் 12 மில்லிமீட்டர் வந்ததும் அனுப்பிவிடு. ரொம்ப மெலிதாகவும் அனுப்பாதே. கொழுப்புப் போர்வை இல்லாத உடல் குளிர் அறையில் சட்டென்று குளிர்ந்து, தசை சுருங்கிக் கறி ரப்பராகும்.

ஜப்பானில் இழைக்காக வைட்டமின் ஏ-யைக் குறைத்துத் தீவனம் போடுவதைப் பார்த்துவிட்டு நீயும் கைவைக்காதே. அளவு தப்பினால் மாலைக்கண், கால் வீக்கம். அதற்குப் பதில் கடைசி நூறு நாள் வைட்டமின் ஈ, தலைக்கு தினம் 500 யூனிட் கொடு. கறியின் சிவப்பு கடையில் கூடுதல் நாள் நிற்கும். அப்புறம், ஏற்றுகிற நாளில் குச்சியும் கூச்சலும் வேண்டாம், வேறு பட்டி மாடுகளோடு கலக்கவும் வேண்டாம். மிரண்ட மாட்டின் தசையில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துபோனால் கறியின் அமில கார அளவு 5.4, 5.6-க்கு இறங்காமல் 6-க்கு மேலேயே நின்று கறி கறுத்துப்போகும். 140 நாள் தீவனம் போட்டு ஒரு ராத்திரியில் தரம் இழப்பது உனக்கே வயிற்றெரிச்சலாக இருக்காதா?

அடுத்த தொகுதிக்கு முதல் 30 நாளின் தொட்டி மதிப்பெண்களை மட்டும் எழுதி அனுப்பு. சராசரி வேண்டாம், நாள்வாரியாக.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்

பி.கு: கலவையில் மோனென்சின் (வயிற்றுக் கிருமிகளில் சிலவற்றை அடக்கும் தீவன மருந்து) சேர்க்கிறேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். மாட்டுக்கு நல்லதுதான், ஊஞ்சலையும் கொஞ்சம் அடக்கும், உன் டாக்டரைக் கேட்டு, சட்டம் அனுமதித்தால், குறைந்த அளவில் தொடங்கி கிலோ உலர்பொருளுக்கு 30 மில்லிகிராம் வரை போகலாம். ஆனால் உன் வீட்டில் குதிரை இருக்கிறது. அதற்கு உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் போனாலே இதயம் நின்றுவிடும். மாட்டுத் தீவனம் கலந்த இயந்திரத்தில் குதிரைத் தீவனம் கலக்காதே, சட்டியையும் தனியாக வை, கிடங்குக் கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போடு.