கர்னல் வந்த தேதி

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் உண்டு. ஆனால் முதலில் மாஷ் என்ற அந்த அமெரிக்க டிவி தொடரின் கணக்கை முடித்துவிடுகிறேன். நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவன் நான்; சொத்து விவரம் எழுதாமல் கையெழுத்துக்குப் போகமாட்டேன்.

நீ அனுப்பிய டிவிடி பெட்டியில் கடைசித் தட்டை முந்தாநாள் பார்த்து முடித்தோம். 256 பகுதிகள். நல்லவேளை, பிளேயரையும் சேர்த்து அனுப்பினாய். இங்கே இருக்கிற பிளேயர் அந்தத் தட்டுகளைத் தொடவே இல்லை. நீ டொலிடோவில் இருக்கிறாய் என்பதற்காகத்தான் முதலில் போட்டேன். தொடரில் வருகிற சிப்பாய் கிளிங்கர் உங்கள் ஊர்க்காரன், அவனாக நடித்த ஜேமி ஃபாரும் அந்த ஊரிலேயே பிறந்தவர், அங்கே டோனி பாக்கோஸ் என்ற ஹாட் டாக் கடைச் சுவரில் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்ட பன்களை மாட்டி வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் நீ எழுதியிருந்தாயே, அந்த ஆசை. கொரியப் போரில் ஒரு நடமாடும் ராணுவ மருத்துவமனை, அதில் ஒரு சிரிப்பு நாடகம், இது நமக்கு எதற்கு என்று அம்மா கேட்டாள். பத்தாவது பகுதிக்குள் அவளே எனக்கு முன்னால் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டாள்.

நான் ஒரு நீள நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். பழக்க தோஷம். எவன் எந்தத் தேதியில் என்ன சொன்னான் என்று பார்க்காமல் என்னால் எதையும் படிக்கவோ பார்க்கவோ முடியாது.

பெரிய வில்லங்கம் கர்னல் பாட்டரிடம் இருக்கிறது. அவர் முகாமுக்குப் பொறுப்பேற்க வந்த நாள் 1952 செப்டம்பர் 19 என்று கதையிலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்போது ராடார் என்கிற சிப்பாய்தான் முகாம் குமாஸ்தா. சரி, எழுதிக்கொண்டேன். போர் முடிந்தது 1953 ஜூலை 27. ஆக மனிதர் அங்கே இருந்திருக்கக்கூடியது பத்து மாதம். அந்தப் பத்து மாதத்துக்குள் எட்டு சீசன் ஓடுகிறது! அதையாவது விடலாம், நாடகம்தானே. ஒன்பதாவது சீசனில் ஒரு பகுதி வருகிறது. 1950 டிசம்பர் 31 இரவில் தொடங்கி, 1951 டிசம்பர் 31 இரவில் முடிகிறது. ஒரு முழு வருஷத்தை அரை மணிக்குள் அடக்கிய அழகான பகுதி. அந்த வருஷம் முழுக்கத் தலைவர் யார்? பாட்டர்! வேலைக்குச் சேர்வதற்கு ஒன்றே முக்கால் வருஷம் முன்பே வந்து புத்தாண்டு வாழ்த்துச் சொல்கிறார். குமாஸ்தா நாற்காலியில் ராடாருக்குப் பதில் கிளிங்கர். விற்றவன் வாங்குவதற்கு முன்னாலேயே விற்ற கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பகுதியில் பேஸ்பால் பந்தயம் ஒன்று வருகிறது. கிளிங்கர் பேச்சைக் கேட்டு டாக்டர் வின்செஸ்டர் டாட்ஜர்ஸ் அணி மேல் பணம் கட்டி ஏமாந்துபோவார். 1951 அக்டோபரில் டாட்ஜர்ஸ் நிஜமாகவே கடைசி நிமிஷத்தில் ஜயண்ட்ஸிடம் தோற்றது. அதைப் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். ஊரார் வீட்டு ஆட்டக் கணக்கு சரி, சொந்த வீட்டுக் கர்னல் எப்போது வந்தார் என்பதுதான் மறந்துவிட்டது. எங்கள் தொழிலிலும் இப்படித்தான். எல்லைக்கு நாலு பக்கமும் சரியாகச் சொல்கிறவனுக்குத் தன் தகப்பனார் இறந்த வருஷம் தெரியாது.

கிறிஸ்துமஸையும் எண்ணினேன். போர் நடந்த காலத்தில் வந்தவை மூன்று: 1950, 51, 52. இவர்கள் நான்கு கொண்டாடுகிறார்கள். மூன்று வருஷம் ஒரு மாதம் நடந்த போரை, 1972 செப்டம்பரிலிருந்து 1983 பிப்ரவரி வரை பதினொரு சீசன் இழுத்தால் வேறு என்ன ஆகும்? நீயும் ரெண்டு வருஷ புராஜெக்ட் என்றுதான் விமானம் ஏறினாய். அதை நான் நோட்டில் எழுதவில்லை.

குடும்ப விவரங்கள் இன்னும் மோசம். கதாநாயக டாக்டர் ஹாக்ஐ ஆரம்பத்தில் வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது அம்மாவையும் சகோதரியையும் விசாரிக்கிறான். சில சீசன் போனதும் அவன் ஒரே பிள்ளை, அம்மா அவன் சிறுவனாக இருந்தபோதே போய்ச் சேர்ந்தவள். ஊரும் வெர்மான்டிலிருந்து மெய்னுக்கு மாறிவிட்டது. தலைமை நர்ஸ் மார்கரெட்டின் அப்பா முதலில் இறந்தவர். பிறகு சீருடையோடு நேரில் வந்து நிற்கிறார். வாரிசுச் சான்றிதழ் கேட்டால் ஒருவருக்கும் கிடைக்காது.

நான் தப்பாகப் பிடித்த ஒன்றும் உண்டு. ராடார் இடது கையை ஏன் ஒளித்துக்கொண்டே இருக்கிறான், எப்போது பார்த்தாலும் அட்டையையோ மூட்டையையோ பிடித்துக்கொண்டு நிற்கிறானே, இதில் ஏதோ குளறுபடி என்று எழுதியிருந்தேன். நீதான் சொன்னாய், அந்த நடிகர் கேரி பர்காஃபுக்குப் பிறவியிலேயே இடது கை விரல்கள் சிறியவை என்று. அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்த இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

காமிக்ஸ் விஷயத்தில் புகழ் உன் பையனுக்கே. ராடார் வைத்திருப்பது அவெஞ்சர்ஸ், அது 1963-ல்தான் வந்தது தாத்தா என்று ஒரே மூச்சில் சொன்னான். எனக்கு அந்த அட்டைப்படத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது முடிதான். ராணுவத்தில் 1951-ல் காதுக்கு மேல் இவ்வளவு முடியை யார் விட்டார்கள்? டாக்டர் பி.ஜே.யின் மீசை, நர்சுகளின் கொண்டை, எல்லாம் எழுபதுகளின் சலூன். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு புரோநோட் ஞாபகம் வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். 1955-ல் எழுதியதாகத் தேதி. மையும் பழுப்பு, காகிதமும் பழுப்பு, கைநாட்டுக்கூட அழகாக இருந்தது. ரெவின்யூ ஸ்டாம்பில் மட்டும் நயா பைசா என்று அச்சாகியிருந்தது. நயா பைசா வந்ததே 1957 ஏப்ரலில். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டாம்பின் மேல் விரலை வைத்தேன், மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாஷில் அந்த ஸ்டாம்ப் முடிதான். மேலே கொரியா என்று எழுதியிருக்கிறது. எழுதிய காகிதம் வியட்நாம். 1972-ல் தொடர் ஆரம்பித்தபோது அமெரிக்கச் சிப்பாய்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். பாட்டருக்கு முன்னால் முகாம் தலைவராக இருந்த கர்னல் ஹென்றி பிளேக் சாகிற பகுதி 1975 மார்ச் 18-ல் வந்தது, தென் வியட்நாம் தலைநகர் சைகோன் விழுந்தது அடுத்த மாதம் 30-ம் தேதி. பார்த்தவர்களுக்கு எந்தப் போர் ஞாபகம் வந்திருக்கும்? இதைக் கண்டுபிடித்தபிறகு முடியைப் பிழைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனிப் பக்கத்தில் எழுதிவிட்டேன். காமிக்ஸ் கவனக்குறைவு. முடி அப்படி இல்லை.

இன்னொன்று, இது நோட்டில் இல்லாதது. கொரியப் போருக்கு இந்தியா துப்பாக்கிப் படை அனுப்பவில்லை, வைத்தியர்களைத்தான் அனுப்பியது. 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். தலைமை தாங்கியவர் நம்மவர், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கர்களோடு சேர்ந்து பாராசூட்டில் குதித்த மருத்துவப் படை அது. அவருக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். பையனிடம் சொல்.

ஹென்றி பிளேக் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. அறுவை அறையில் எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ராடார் முகமூடிகூடப் போடாமல் உள்ளே வருகிறான், காகிதத்தைப் படிக்கிறான்: வீட்டுக்குக் கிளம்பிய கர்னலின் விமானம் கடலில் விழுந்தது, யாரும் பிழைக்கவில்லை. யாரும் பேசவில்லை. அந்த அமைதியில் ஏதோ ஒரு கருவி தரையில் விழுந்து கிணுங்குகிறது. அது திட்டமிட்டதில்லை, படப்பிடிப்பில் யாரோ கைதவறிப் போட்டது. வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். நீ சொல்லிக் கொடுத்தபடி டிவிடியில் சிரிப்புச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் நான் பார்ப்பேன், அம்மா போடச் சொல்வாள். ஆனால் அறுவை அறைக் காட்சிகளில் போட்டாலும் சிரிப்பு வராது, அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கிணுங்கல் கேட்டதும் அம்மா எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள். வெளியே நல்ல வெளிச்சம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

ஆடியில் எழுதிய கடிதத்தில் அம்மா இடது பக்கம் ஒருக்களிக்காமல் படுக்கிறாள் என்று எழுதியிருந்தேன், கழுத்துப் பிடிப்பு என்று காரணமும் சொன்னேன். போன ஞாயிறு வலது கண்ணில் சொட்டு மருந்து விடுகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கழுத்தா கண்ணா, இடதா வலதா என்று கேட்டாய். என் மகள்தான்.

இரண்டும் கண்தான். இரண்டிலும் புரை. இடது கண் ஆபரேஷன் ஆடி பிறந்து இரண்டாவது வாரம், வலது கண் ஐப்பசியில். கழுத்துப் பிடிப்பு நான் எழுதிச் சேர்த்தது. சொன்னால் நீ டிக்கெட் போடுவாய், பையனுக்குப் பள்ளிக்கூடம் கெடும் என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டோம், இரண்டு தடவையும். மருந்து வேளை தவறவில்லை, சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தாளைக் கிழிக்காமல் வைத்திருப்பேன், நீ வரும்போது சரிபார்த்துக்கொள்.

பார்வை எப்படி இருக்கிறது என்றும் கேட்டாய். போன வாரம் பழைய தட்டு ஒன்றைத் திரும்பப் போட்டேன், மூன்றாவது சீசன். கிறுக்குப் பிடித்த ஜெனரல் ஒருவர் வந்து ஆட்டமாடுவாரே, அந்தப் பகுதி. அம்மா கூடத்துக் கோடியில் ஊஞ்சலில் இருந்தாள். நான் டிவிக்கு மூன்றடியில் உட்கார்ந்து, நோட்டும் கையுமாக, கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒன்றையும் கவனிக்கவில்லை. அங்கிருந்தே கேட்டாள், "இந்த ஆள்தானே அப்புறம் குதிரை வைத்துக்கொண்டு கர்னலாக வருகிறார்?"

அவரேதான். ஹாரி மோர்கன். ஒரு சீசன் ஜெனரல், அடுத்த சீசனில் பாட்டர்.

அன்புடன்,
அப்பா