பக்கத்துக்குப் பேர் வை, பாப்பா

பெஸ்தாரி ஜெயா
சிலாங்கூர், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மழை வரப்போவதை ரேடியோவுக்கு முன்னால் அம்மாவின் முட்டி சொல்லிவிடுகிறது, அதைத் தவிர ஒன்றும் குறையில்லை.

நீ கணினியில் படம், பூ, எழுத்து எல்லாம் சேர்த்துச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆல்பப் பக்கம் வந்தது. பேரனுக்குப் பத்துமலையில் முடியிறக்கிய பக்கம். "12-க்கு 12 பிரிண்ட் போட்டு அம்மா அறையில் மாட்டிடுங்கப்பா" என்று எழுதியிருந்தாய். அம்மா முதலில் கண் கலங்கினாள். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்துவிட்டு, "அரோகராவுக்கு எதுக்கு வல்லின ற போட்டிருக்கா?" என்றாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவளிடம் மாட்டிக்கொண்டாய், நான் என்ன செய்வது!

அந்த எழுத்தை மட்டும் திருத்தி அனுப்பச் சொன்னதற்கு, "இனிமே திருத்த முடியாதுப்பா, ஜேபெக்தான் இருக்கு" என்றாய். போனில் சொன்னால் பாதியில் பேரன் அழுவான், நீ ஓடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் மகள் படத்தைத் தொலைத்தாள் என்று ஊரில் பேச்சு வரக்கூடாது பார்.

சரி, முதலில் பிரிண்ட் ஏன் போடவில்லை என்று சொல்கிறேன். நீ அனுப்பியதைத் திறந்து பார்த்தேன்: 1280-க்கு 1280 பிக்சல். நல்ல பிரிண்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். கணக்குப் போட்டால் உன் பக்கம் நாலேகால் அங்குலத்துக்குத்தான் தாங்கும். அதை 12 அங்குலத்துக்கு இழுத்தால் பிள்ளையின் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் மாவு மாதிரி கலங்கித் தெரியும். குற்றம் உன் பக்கத்தில் இல்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அடுத்த முறை படமாக அனுப்பாதே, 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்பு, சுருங்காமல் அப்படியே வரும். பக்கம் தொடங்கும்போதே 3600-க்கு 3600 என்று வைத்துக்கொள். சின்னதாகச் செய்துவிட்டுப் பிறகு பெரிதாக்குவது, தண்ணீர் கலந்த ரப்பர்ப் பாலை நிறுவைக்குக் கொண்டுபோன மாதிரி. அளவு கூடும், சரக்கு கூடாது.

இப்போது சேமிக்கிற விஷயம். நீ செய்கிற பக்கத்தில் அடியில் பின்னணித் தாள், மேலே படம், அதற்கு மேல் பூ, ரிப்பன், எழுத்து என்று ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கு. அந்த அடுக்குகள் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாகவே இருப்பது பி.எஸ்.டி. என்கிற போட்டோஷாப் கோப்பில். ஜேபெக் என்று சேமித்த நிமிடம் எல்லாம் ஒட்டி ஒரே தாளாகிவிடும். எங்கள் காலத்துக் கணக்கில் பி.எஸ்.டி.தான் நெகட்டிவ், ஜேபெக் என்பது பிரிண்ட். பிரிண்டைக் கொடுத்துவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடுவாளா ஸ்டூடியோக்காரன் மகள்? முதல் படத்தை வைத்தவுடனேயே பி.எஸ்.டி.யாகச் சேமி, வேலை முடிந்தபின் தரம் 12 வைத்து ஜேபெக் ஒன்று தனியாக எடு. திருத்தம் வந்தால் பி.எஸ்.டி.யைத் திறந்து திருத்திப் புதிதாக ஜேபெக் எடுக்க வேண்டும். ஜேபெக்கையே திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

தமிழ் எழுத்தில் இன்னொரு வம்பு. பழைய போட்டோஷாப்பில் 'கொ' என்று அடித்தால், முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். உன் பழைய தீபாவளிப் பக்கத்திலும் அப்படித்தான் நின்றது, நான் சொல்லவில்லை. எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு ஒன்று உண்டு, அதைப் போட்டுவிட்டுப் போட்டோஷாப்பை மூடித் திறந்தால் சரியாகும். பயன்படுத்திய எழுத்துருவையும் அந்தப் பக்கத்தின் ஃபோல்டரிலேயே ஒரு பிரதி வைத்துக்கொள். வேறு கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் அது வேறு ஒன்றைப் போட்டு அலங்காரத்தையே கெடுத்துவிடும். உன் மேக்கில் இருக்கிற இணைமதி நல்ல எழுத்து. அதைச் செய்தவர் நம்ம நாட்டுக்காரர் முத்து நெடுமாறன், தெரியுமா?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, பேர் வைப்பது.

உன் கணினியில் நான் பார்த்த பேர்கள்: 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்'. சிரிக்காதே, நானும் இதைத்தான் செய்தேன். 2009 என்று நினைக்கிறேன், நீ அப்போது விடுதியில் இருந்தாய். ஒரு பெண் கடைக்கு வந்தது. வேலை செய்த தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்துவிட்டதில் குடும்பம் எங்கெங்கோ சிதறிப்போனது. அம்மா இறந்துவிட்டார், வீட்டில் ஒரு படம்கூட இல்லை. "எங்க அக்கா கல்யாணத்துக்கு நீங்கதான் எடுத்தீங்க, அதுல அம்மா இருப்பாங்க" என்றது. நெகட்டிவ் எல்லாம் என்னிடம் இருந்தன, ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. ஆனால் எந்த நம்பர் யாருடையது என்று எழுதிய நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. உறை மேலே என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? 'கல்யாணம்'. அடுத்த உறை, 'கல்யாணம்'. அதற்கடுத்ததும் அதே. ஒரு அலமாரி முழுக்கக் கல்யாணம்.

இரண்டு நாள் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் எல்லார் முகமும் ஒன்றுபோல இருக்கும், தலைமுடி வெள்ளை, பல் கறுப்பு. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேடியது. மாலையில் ஒரு உறையில், பந்தலுக்குப் பின்னால் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவைக் கண்டுபிடித்தது. கேமராவைப் பார்க்காத முகம், பாதி சேலைத் தலைப்பு. அதைத்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. எனக்கு அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதனால் கோப்புக்குப் பேர் வைக்கும்போது வருடம், மாதம், நாள், இடம், ஆள் என்று வரிசையாக எழுது. '2024-01-25 பத்துமலை முடியிறக்கம்' என்று வைத்தால் போதும். வருடம் முன்னால் வந்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். நாளை முன்னால் போட்டால் எல்லா வருடத்து 25-ம் ஒன்றாகக் குவியும். சாய்கோடு போடாதே, விண்டோஸ் ஏற்காது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பேரில் இருக்கும் தேதியை நம்பாதே, அது அனுப்பிய தேதி. பெரியம்மா போன மாதம் அனுப்பிய உன் பிறந்தநாள் படம், போன மாதம் எடுத்ததாகவே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தேதி தெரியாத பத்துமலைப் படத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். படியில் வானவில் வர்ணம் இருந்தால் 2018-க்குப் பிறகு. பெரிய முருகன் சிலை இல்லையென்றால் 2006-க்கு முன்னால். வர்ணம் இல்லை, சிலை இருக்கிறது என்றால் இரண்டுக்கும் நடுவில். நீ பாவாடையோடு அழுதுகொண்டு நிற்கிற படத்தில் சிலை இல்லை, அதை எந்த வருடம் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்.

இடத்தின் பேரிலும் கவனம் வேண்டும். நம் ஊர் 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை, அதற்குப் பிறகு பெஸ்தாரி ஜெயா. பாதியை ஒரு பேரிலும் மீதியை இன்னொரு பேரிலும் போட்டால் தேடும்போது பாதிதான் வரும். எனக்குப் பழைய பேர்தான் வாயில் வருகிறது, ஆனால் உன் பிள்ளைக்கு வராது. எது வேண்டுமானாலும் வை, ஒன்றையே வை. தென்னமரம் தோட்டத்துப் படங்களையும் அப்படித்தான். 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்ட தோட்டம் அது, பேர் என்னவோ தென்னைமரம்! ஒருவர் டென்னமாரம் என்கிறார், ஒருவர் தென்னமரம் என்கிறார். கணினிக்கு அவை இரண்டு ஊர்.

வாங்கிச் சேர்க்கிற பின்னணித் தாள், பூ, ரிப்பன் எல்லாவற்றையும் படங்களோடு கலக்காமல் தனி ஃபோல்டரில் போடு. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை, நீ சமையலறை டப்பாக்களை அடுக்குகிற மாதிரி அடுக்கினால் போதும்.

பிரதிகள் மூன்று இருக்கட்டும். ஒன்று உன் கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு வீட்டில். ஈப்போவில் அண்ணன் வீட்டில் ஒரு டிஸ்க் கொடுத்து வைக்கலாம். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் சித்தி வீட்டைக் கழுவப் போனேன் அல்லவா, வாசலில் மெத்தை, சோபாவோடு கல்யாண ஆல்பமும் குவிந்து கிடந்தது. கணினியும் அதே வீட்டில்தான் நனைந்தது. போனும் கணினியும் சிங்க் ஆகிறது, அது போதும் என்று நினைக்காதே. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும்.

பிரிண்டுக்கு வருவோம். திரை தானே வெளிச்சம் தரும், தாள் தராது. அதனால் திரையில் அழகாகத் தெரிவது தாளில் ஒரு படி இருட்டாக வரும். பக்கத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, முதலில் 4 ஆர் அளவில், அதாவது 4-க்கு 6 அங்குலத்தில், ஒன்று போட்டுப் பார், செலவு கொஞ்சம்தான். ஓரத்தில் எழுத்து வைக்காதே, கடையில் வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி போகும். ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி வை. நிறம் எஸ்.ஆர்.ஜி.பி. என்கிற நிற அமைப்பில் இருக்கட்டும். "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்" என்று கடையில் சொல்லிவிடு, இல்லாவிட்டால் இயந்திரம் மஞ்சளைப் பார்த்துப் பயந்து காவடியை வெளுக்க வைத்துவிடும்.

இங்கே 12-க்கு 12 தாள் தனியாக இல்லை, 12-க்கு 18-இல் போட்டு வெட்டுவார்கள். மிச்சம் வரும் 12-க்கு 6 துண்டை எல்லாரும் குப்பையில் போடுகிறார்கள். அதில் மூன்று 4 ஆர் படம் சரியாக உட்காரும். கணினியிலேயே 12-க்கு 18 என்று ஒரு தாள் தொடங்கி, மேலே உன் பக்கம், கீழே மூன்று சின்னப் படம் வைத்துக் கொடு. யுனிசெல் பல்கலைக்கழகப் பிள்ளைகள் புராஜெக்ட் பிரிண்டுக்கு வரும்போது இதைச் சொல்லிக் கொடுத்தே கடையில் கூட்டம் சேர்த்தேன்.

தாள் மேட் ஆக இருக்கட்டும். நம் ஊர்ச் சூட்டில் பளபளப்புத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் பசை ஆல்பம் வாங்கவே வாங்காதே. எங்கள் கல்யாண ஆல்பம் அப்படித்தான், பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொண்டது. போன வாரம் பல் இடுக்கில் விடுகிற நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து மெல்ல மெல்ல அறுத்து, ஏழு படம் எடுத்தேன். எட்டாவதில் அம்மாவுடைய மாமாவின் காது ஆல்பத்திலேயே தங்கிவிட்டது.

அந்த ஏழையும், தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்ததையும் அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன், டாக்குமென்டாகத்தான். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்திருக்கிறேன், அதே பேரில் கடைசியில் 'பின்' என்று இருக்கும். ஒன்றில் தாத்தா பென்சிலில் எழுதியது: 'தம்பி குடும்பம், ஊருக்குப் போகுமுன், 1970'. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமான பிறகு கப்பலேறிய குடும்பங்களில் அதுவும் ஒன்று. என் சித்தப்பா, சித்தி, முன்னால் நாலு பிள்ளைகள். கடைசிப் பெண் கையில் பேரீச்சம்பழ டப்பா. நாலு பேருக்கும் பேர் எழுதாமல் விட்டுவிட்டார் தாத்தா. எனக்குப் பெரியவன் பேர் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

காப்பாரில் இருக்கிற அத்தைக்கு மற்றப் பேர்கள் தெரியும். செவ்வாய்க்கிழமை அந்தப் படத்தை 8 ஆரில் (8-க்கு 10 அங்குலம்) பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன், அவருக்குக் கண் மங்கல். அவர் சொல்கிற பேரைச் சொல்கிறபடியே எழுதி அனுப்புகிறேன். அதுவரை அந்தப் பக்கத்தைத் தொடங்காதே, இடம் மட்டும் விட்டு வை.

அரோகராவை மாற்றிப் புதிதாகச் செய்து அனுப்பு. சட்டம் வாங்கிவிட்டேன், ஆணியும் அடித்தாகிவிட்டது. அம்மா தினமும் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு படுக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. பேரனுக்கு முத்தம்.

அப்பா