கடைசிப் பகுதியிலும் அவள் கூட்டுகிறவளாகவே இருக்கட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று வாசித்ததும் நிம்மதி. இங்கே தலவாக்கலையில் மழை விட்டபாடில்லை. அம்மா சுகம். மகள் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறாள்.

நீயும் போனில் அந்தக் குட்டி நாடகங்கள் பார்ப்பதாக எழுதியிருந்தாயே, அதைப் பற்றி உன்னோடு பேசியே ஆக வேண்டும். நாங்கள் பார்ப்பது சீன நாடகங்கள். ஒரு பகுதி ஒன்றிரண்டு நிமிஷம்தான். கன்னத்தில் அறை விழுகிற இடமாகப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். முதல் சில பகுதிகள் சும்மா. கதை சூடு பிடித்ததும் காசு கேட்கும். கீழே ஓடுகிற எழுத்தை மகள் எனக்கு வாசித்துச் சொல்வாள்.

கம்பனித் தலைவரின் மகனுக்கு, அதே கட்டடத்தைக் கூட்டுகிற பெண் மேல் ஆசை. அவன் தாய் காசோலையை வீசி, "என் மகனை விட்டுப் போய்விடு" என்கிறாள். சித்தப்பா பங்குகளைப் பிடுங்கத் திட்டம் போடுகிறார். இதுவரை நான் மூச்சு விடாமல் பார்ப்பேன். யார் கையில் சொத்து இருக்கிறதோ அவர்தான் யார் யாரைக் கட்டலாம் என்று முடிவு செய்கிறார், அதில் பொய்யே இல்லை. அப்புறம்தான் கெடுக்கிறார்கள். அந்தப் பெண் சின்ன வயதில் தொலைந்துபோன கோடீஸ்வரர் மகளாம்! உடனே மாமியார் கையெடுத்துக் கும்பிடுகிறாள். எனக்கு வயிறு எரிகிறது. அவள் கூட்டுகிறவளாகவே இருந்திருந்தால் அந்தத் தாய் செய்தது சரி என்று ஆகிவிடாதா?

தேயிலைத் தோட்டத்தில் நம் பாட்டன்மார் காலத்தை நினைத்துப் பார். தோட்டத்துரை கொடுக்கும் 'துண்டு' என்கிற சீட்டில் கடன் எழுதியிருக்கும். அதைக் கட்டுகிற தோட்டம்தான் ஆளை எடுக்கலாம். 1921இல்தான் இலங்கைச் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. அதற்கு முன், ஆள் சேர்த்து வேலை வாங்குகிற கங்காணியின் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லயத்து வீட்டை விட்டு ஓடியவனுக்கு வேறெந்தத் தோட்டத்தில் பேர் பதிவார்கள்? அவனைத் தேடி எந்தக் கோடீஸ்வர அப்பாவும் கார் அனுப்பவில்லை. அவன் கதையை யாராவது எடுக்க மாட்டார்களா என்றிருக்கிறது.

நம்முடைய காமன் கூத்து இதைவிட எவ்வளவு நேர்மையானது! தேவர்கள் தங்கள் காரியத்துக்காக மன்மதனை அனுப்பினார்கள், சிவன் நெற்றிக்கண்ணால் எரிந்தவன் அவன். ரதி அழுது, வழக்காடி, தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரியாவது புருஷனைத் திரும்ப வாங்குகிறாள். மாசி மாதக் குளிரில் விடிய விடிய நம் பெண்கள் அவளோடு சேர்ந்து அழுவார்களே, அந்த அழுகைக்குக் காரணம் இருந்தது.

சீனாவிலும் இது உறுத்தியிருக்கிறது போல. 2024 நவம்பரில் அந்த நாட்டு ஒளிபரப்பு நிர்வாகமே இந்த அதிகார முதலாளிக் காதல் கதைகளைக் குறைக்கச் சொன்னது. குறைப்பதைவிட மாற்றி எழுதினால் நன்றாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் நாடகம் எழுதியவள் நீதானே. நீயே ஒன்று எழுதேன். கொழுந்து எடுக்கிற பெண், தோட்டத்து ஆபீஸ்காரர் மகன். கடைசிப் பகுதியிலும் அவள் கொழுந்து எடுக்கிறவளாகவே இருந்து, அந்த வீட்டு முன்வாசலால் உள்ளே போக வேண்டும். எப்படிப் போனாள் என்பதை நீ யோசி. மாசியில் கூத்துக்கு வரும்போது எழுதியது வரைக்கும் கொண்டு வா. மகள் நடிக்கத் தயாராக இருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய தோழி