பிளேயரா, டிவியா: படத்தை யார் பெரிதாக்குவது?

மதுரை
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. 55 அங்குல 4கே டிவி வீட்டுக்கு வந்தது பெரிய சந்தோஷம். அதில் பழைய டிவிடிகளைப் போட்டால் முகமெல்லாம் மெழுகு பூசியது போலத் தெரிகிறது, சின்னப் பெட்டி டிவியிலேயே நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தாய். டிவியிலும் குறையில்லை, டிஸ்க்கிலும் குறையில்லை. இரண்டுக்கும் நடுவே நடக்கிற வேலைதான் சரியில்லை. அதைச் சரிசெய்துவிடலாம்.

கணக்கைப் பார். பேல் முறை (நம் நாட்டு டிவி முறை) டிவிடியில் ஒரு படச்சட்டம் 720க்கு 576 புள்ளிகள், மொத்தம் 4.15 லட்சம். உன் டிவியில் 3840க்கு 2160, ஏறத்தாழ 83 லட்சம். டிஸ்க்கில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் திரையில் 20 புள்ளிகள் வந்தாக வேண்டும். பத்தொன்பதை யாராவது ஊகித்துத்தான் போட வேண்டும். அந்த ஊகத்தைப் பிளேயர் செய்யலாம், டிவியும் செய்யலாம். பிளேயர் பாதி, டிவி பாதி என்று பிரிந்தால் முதல் ஊகத்தின் பிழையை இரண்டாவது ஊகம் பெரிதாக்கிவிடும். எந்த மாற்றமானாலும் ஒரே முறைதான் நடக்க வேண்டும், அதைத் திறமையாகச் செய்கிறவர் செய்ய வேண்டும். கீழே எழுதப்போகும் அமைப்புகள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவைதான்.

முதலில் பிளேயரிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகும் அந்த மஞ்சள் கம்பியைக் கழற்று. ஒளியையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பி, டிவி அதை மறுபடி பிரிக்கிற ஏற்பாடு அது. பிரிப்பது முழுதாக நடக்காது. பட்டுச்சேலைச் சரிகையிலும் கட்டம்போட்ட சட்டையிலும் இல்லாத வானவில் ஓடுவதும், நிறங்களின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வதும் அதனால்தான். உன் பிளேயரில் எச்டிஎம்ஐ துளை இல்லாவிட்டால் அதற்கு மேலும் செலவு செய்யாதே. சாதாரண புளூரே பிளேயர் ஒன்று வாங்கினால் டிவிடியையும் அதுவே ஓட்டும், மலிவு டிவிடி பிளேயரைவிட நன்றாகவே ஓட்டும். பழைய புளூரே பிளேயர் ஏதாவது கிடைத்து அதைச் சிவப்பு-பச்சை-நீலக் கம்பியில் இணைக்கலாம் என்று நினைத்தால் ஒன்றைக் கவனி. 2010க்குப் பிறகு தயாரானவை நகல் தடுப்பு விதிப்படி அந்த வழியில் புளூரே படத்தைச் சாதாரணத் தரத்தில் மட்டுமே அனுப்பும். 2013க்குப் பிறகு வந்தவற்றில் அந்த வழியே கிடையாது.

பிளேயரின் மெனுவில் இரண்டு இடங்களை உடனே பார். ஒன்று, டிவியின் வடிவம். அது 4:3 லெட்டர்பாக்ஸ் என்று இருந்தால், அகலத்திரைக்காகத் தயாரான டிஸ்க்கின் நான்கு வரியில் ஒன்றைப் பிளேயரே தூக்கி எறிந்துவிடும். போனது போனதுதான், டிவியால் மீட்க முடியாது. 16:9 என்று வை. இரண்டாவது, டிவி சிஸ்டம். நம் ஊரில் விற்ற பிளேயர்களில் பேல், என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை), ஆட்டோ அல்லது மல்டி என்று இருக்கும். என்டிஎஸ்சியில் நிலைத்திருந்தால், நொடிக்கு 50 அரைச்சட்டங்கள் (ஒரு சட்டத்தின் பாதி வரிகள் மட்டும் கொண்டவை) உள்ள பேல் டிஸ்க்கை 60 ஆக்கும். அதற்காக நொடிக்குப் பத்து அரைச்சட்டங்களைக் கூடுதலாகத் திணிக்கும். கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் படம் விக்குவது இதனால்தான். ஆட்டோ அல்லது மல்டியில் வை. உன் டிவி 50, 60 இரண்டையும் ஏற்கும்.

இனி பெரிய விஷயம், வெளியீட்டுத் தெளிவு. டிவிடியில் படம் முழுச்சட்டமாக வருவதில்லை. ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் ஒரு தடவை எனப் பின்னிப் பின்னி வரும். உன் டிவி தட்டைத்திரை, முழுச்சட்டத்தை மட்டுமே காட்டும். ஆக வேலை இரண்டு: முதலில் வரிகளைச் சேர்ப்பது, பிறகு பெரிதாக்குவது. சேர்ப்பதுதான் கடினம். பேல் டிஸ்க்கில் ஒரு திரைப்படச் சட்டம் இரண்டு அரைச்சட்டங்களாக இருக்கும், ஜோடியைச் சரியாகப் பிடித்தால் போதும். என்டிஎஸ்சியில் சட்டங்கள் 3, 2, 3, 2 என்று மாறி மாறிப் பிரிந்திருக்கும், அந்தத் தாளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தாளம் தப்பினால் நகரும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும். தப்புமோ என்று பயந்து பாதி வரிகளை விட்டுவிட்டு மீதியை ஊகிக்கிற சிப்பும் உண்டு, அதில் படம் மங்கும். நீ சொல்லும் மெழுகு முகத்துக்கு மஞ்சள் கம்பியோடு இதுவும் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிளேயரில் 576ஐ, 576பி, 720பி, 1080ஐ, 1080பி என்று தேர்வுகள் வரும். எண் என்பது வரிகளின் எண்ணிக்கை, 'ஐ' என்றால் பின்னி வரும் அரைச்சட்டம், 'பி' என்றால் முழுச்சட்டம். 576ஐ அல்லது 'சோர்ஸ் டைரக்ட்' என்றால் பிளேயர் தொடாமல் தருகிறது, இரண்டு வேலையும் டிவிக்கு. 576பி என்றால் சேர்ப்பது பிளேயர், பெரிதாக்குவது டிவி. 1080பி என்றால் பிளேயர் இரண்டையும் ஓரளவு செய்துவிடும், மீதிப் பெருக்கம் டிவிக்கு. 1080ஐ-யை மட்டும் தொடவே தொடாதே. பிளேயர் வரிகளைச் சேர்த்து, பெரிதாக்கி, மறுபடி பிரித்து அனுப்பும். டிவி இன்னொரு முறை சேர்த்து, இன்னொரு முறை பெரிதாக்கும். ஒரு துணியை நான்கு முறை தைத்துப் பிரிப்பது போல. மலிவுப் பிளேயர் சிலவற்றில் எச்டிஎம்ஐ வழியே 576ஐ கிடைக்காது, அப்போது 576பி-யிலிருந்து தொடங்கு.

உன் பிளேயருக்கும் டிவிக்கும் எது பொருந்தும் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஓட்டுவீட்டுக் கூரையோ கோயில் குளத்துப் படிக்கட்டோ மெதுவாக நகரும் காட்சி ஒன்றை எடு. அரை நிமிடக் காட்சி போதும். 576ஐ-யில் ஒரு தடவை, 576பி-யில் ஒரு தடவை, 1080பி-யில் ஒரு தடவை ஓட்டு. ஓட்டு வரிசைகள் மின்னினால், படிக்கட்டு விளிம்புகள் நடுங்கினால், வரிகளைச் சேர்க்கிறவர் தோற்கிறார். கடைசியில் மேலேறும் எழுத்துகளையும் பார். படத்தை நிறுத்தி வைத்துப் பார்க்காதே, நிற்கும் படத்தில் எல்லாப் பிளேயரும் நன்றாகத்தான் தெரியும். இன்னொரு அடையாளம்: குங்குமம், சிவப்புச் சேலை போன்ற அடர் சிவப்பின் விளிம்பில் மட்டும் கிடைக்கோடுகள் தெரிந்தால், அது டிஸ்க்கிலிருந்து நிறத்தை விரிக்கும்போதே பிளேயர் செய்கிற தவறு. டிவியில் எதை மாற்றினாலும் தீராது, பிளேயரைத்தான் மாற்ற வேண்டும்.

இவ்வளவு செய்தும் சில டிஸ்க்குகள் தேறாது, அதற்காக மனம் உடையாதே. நம் பழைய படங்கள் பல, 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு பதிவானவை. 2.35 விகிதப் படம் என்டிஎஸ்சி டிஸ்க்கில் அப்படி இருந்தால், 480 வரிகளில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 272. திரையில் நான்கு பக்கமும் கறுப்பாகத் தெரிந்தால் அதுதான். டிவியின் ஜூம் ஒன்றே வழி. ஒரே தட்டில் மூன்று படம் என்று விற்றவை இன்னும் பாவம். 8.5 ஜிபி தட்டில் இரண்டே முக்கால் மணிப் படம் ஒன்று தனியாக இருந்தால் நொடிக்கு சுமார் 7 மெகாபிட் கிடைக்கும். மூன்றைத் திணித்தால் இரண்டே கால்தான். கூட்டமான பாட்டுக்காட்சிகள் கட்டம் கட்டமாக உடைவது அங்கேதான். பேல் மூலத்தை என்டிஎஸ்சியாக மாற்றி அச்சடித்தவையும் உண்டு. அவற்றில் நகரும் கைக்கு நிழல் போல இன்னொரு கை தெரியும், அது டிஸ்க்கிலேயே பதிந்துபோன பிழை.

புளூரே அவ்வளவு படுத்தாது. 1920க்கு 1080 முழுச்சட்டம், நொடிக்கு 24 (சரியாகச் சொன்னால் 23.976). பிளேயரில் 24பி வெளியீட்டை ஆட்டோவில் வை. இல்லாவிட்டால் 24-ஐ 60 ஆக்க ஒரு சட்டம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று காட்டி நடையில் நொண்டல் வரும். 120 ஹெர்ட்ஸ் திரையானால் ஒவ்வொரு சட்டமும் சரியாக ஐந்து தடவை. சில பிளேயர்களில் டிவிடிக்கும் 24பி தேர்வு உண்டு, நம் டிஸ்க்குகளுக்கு அதை ஆஃபில் வைப்பதே நல்லது. முன்பு சொன்ன 3, 2 தாளத்தைக் காட்டும் குறியீடுகள் ஒழுங்காக இல்லாத டிஸ்க்கில் படம் துள்ளும். டிவியில் மோஷன்ஃப்ளோ, ட்ரூமோஷன், ஆட்டோ மோஷன் பிளஸ் எதுவானாலும் சினிமாவுக்கு நிறுத்திவிடு. இல்லாத சட்டங்களைப் புனைந்து நடுவே செருகும் வேலை அது.

டிவி படத்தின் ஓரங்களை வெட்டுகிறதா என்றும் பார். வெட்டினால் மிச்சப் படத்தை இழுத்துப் பரப்புகிறது, ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கு கெட்டுவிடும். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடு.

நிறமும் கறுப்பும் ஒரு பத்து நிமிட வேலை. டிஸ்க்கில் நிறம் ஒய்சிபிசிஆர் வடிவில் (ஒளி தனி, நிறம் தனி) இருக்கிறது, பிளேயரையும் அப்படியே அனுப்பச் சொல், ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) வேண்டாம். ஆர்ஜிபியில் கறுப்பு 16-இல் தொடங்குகிறதா 0-இல் தொடங்குகிறதா என்று பிளேயரும் டிவியும் வேறுவேறாகப் புரிந்துகொண்டால் ஒன்று இருட்டில் தலைமுடியும் கறுப்புக் கோட்டும் ஒரே மையாகிவிடும், அல்லது முழுப்படமும் சாம்பல் பூத்துவிடும். படமுறை 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்', வண்ண வெப்பம் 'வார்ம்'. முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தோன்றும், பொறுத்துக்கொள். ஷார்ப்னெஸ்ஸின் நடுநிலை ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு எண். சோனியில் 50, சாம்சங்கில் 0-ஐ ஒட்டி. எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியாத அளவுக்குக் குறை. ஏவிஎஸ் எச்டி 709 என்ற இலவசச் சோதனைத் தொகுப்பைச் சாதாரண டிவிடி-ஆரில் எழுதிப் புளூரே பிளேயரில் ஓட்டினால், கறுப்பு, வெள்ளை, ஓரவெட்டு எல்லாம் கோடு போட்டுக் காட்டும்.

4கே டிஸ்க் வாங்கும் எண்ணம் இருக்கிறது என்றாய். தட்டு 50, 66 அல்லது 100 ஜிபி, நிறம் 10 பிட், பகுதிப் பூட்டு (ஒரு நாட்டு டிஸ்க் வேறு நாட்டுப் பிளேயரில் ஓடாதபடி தடுப்பது) கிடையாது. (சாதாரண புளூரேக்கு உண்டு. இந்தியா சி, அமெரிக்கா ஏ. யாராவது வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தால் அட்டையின் பின்பக்கம் பார்த்துக்கொள்.) டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளையும் இதற்கு உதவாமல் போகலாம், எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை உள்ள துளை வேண்டும். அதற்குமேல் டிவி மெனுவில் அந்தத் துளையைத் திறக்க வேண்டும்: சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'டீப் கலர்'. திறக்காவிட்டால் எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் அதிக வீச்சில் காட்டும் முறை) வராது, ஏன் என்றும் டிவி சொல்லாது.

கம்பியில் ஒரு வேடிக்கை உண்டு. படம் ஒழுங்காக ஓடும், ஆனால் டிஸ்க் மெனுவுக்குப் போனதும் திரை கறுப்பாகும், அல்லது வெள்ளைப் பொறி பறக்கும். நொடிக்கு 24 சட்டம் ஓடும் 4கே படத்துக்கு 8.91 கிகாபிட் போதும், 60-இல் போகும் மெனுவுக்கு அதன் இரட்டிப்பு, 17.82 வேண்டும். பழைய கம்பி முதலாவதைத் தாங்கி இரண்டாவதில் தடுமாறுகிறது. 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்று முத்திரை உள்ள 2 மீட்டர் கம்பி போதும். தங்க முலாம் பூசிய விலை உயர்ந்த கம்பி படத்தைக் கூர்மையாக்காது. கம்பி கெட்டால் பொறி பறக்கும், படம் நின்று போகும், ஆனால் மங்காது.

எந்தப் பிளேயர் என்று கேட்டிருந்தாய். தேர்வு சுருங்கிக்கொண்டே வருவதுதான் எனக்குக் கவலை. ஒப்போ 2018-இல் தயாரிப்பை நிறுத்தியது, சாம்சங் 2019-இல் விலகியது, எல்ஜியும் 2024-இல் நிறுத்திவிட்டது. இன்று கையில் கிடைப்பவை பெரும்பாலும் சோனியும் பானாசோனிக்கும்தான். உன் டிவி சாம்சங் என்றால் எச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷனுக்காகக் கூடுதல் பணம் தராதே, அது அந்த டிவிகளில் இல்லை. வேறு நிறுவனத்தின் டிவி, டால்பி விஷன் உண்டு என்றால், சோனி எக்ஸ்700-இல் அதை மெனுவில் நாமே போட வேண்டும், சாதாரண டிஸ்க்குக்கு நாமே அணைக்க வேண்டும். மறந்தால் எல்லா டிஸ்க்கையும் டால்பி விஷனாகவே அனுப்பி நிறத்தை மாற்றிவிடும். டிவி வெளிச்சம் குறைந்த வகையானால் பானாசோனிக் யூபி820-க்கு மிச்சப்படுத்தி வாங்கு. டிவியின் வகையைச் சொன்னால், அது காட்ட முடியாத வெளிச்சத்தைப் பிளேயரே அளவாகக் குறைத்துத் தரும், மேகமும் விளக்கும் வெறும் வெள்ளையாகிவிடாது.

உட்காரும் தூரத்தையும் அளந்து எழுது. நல்ல கண்ணுக்கு 55 அங்குலத்தில் புளூரேயின் நுணுக்கம் முழுதாகப் பிடிபடுவது சுமார் 2.2 மீட்டருக்குள். 4கே-யின் முழு நுணுக்கத்துக்கு 1.1 மீட்டர் வரை நெருங்க வேண்டும், யாரும் அப்படி உட்காருவதில்லை. டிவிடியோ, 4 மீட்டருக்கு இந்தப் பக்கம் வந்தாலே குறைகளைக் காட்டத் தொடங்கும். சோபாவைப் பின்சுவர்ப் பக்கம் அரை மீட்டர் தள்ளினால் பழைய டிஸ்க்குகள் கொஞ்சம் அமைதியாகும்.

தம்பி வீட்டு 32 அங்குலத்தையும் கேட்டிருந்தாய். அது 1366க்கு 768, எந்த வடிவில் அனுப்பினாலும் டிவி அளவு மாற்றியே தீரும். 720பி, 1080பி இரண்டையும் போட்டு, பொடி எழுத்து எதில் தெளிவோ அதையே வைக்கச் சொல்.

பிளேயரின் பின்பக்கத்து மாதிரி எண்ணையும், கூரைக் காட்சிச் சோதனையில் மூன்றில் எது ஜெயித்தது என்பதையும் எழுது. 576ஐ ஜெயித்திருந்தால் டிவியில் சினிமாச் சட்டங்களைச் சேர்க்கும் அமைப்பான 'ஃபிலிம் மோட்' அல்லது 'சினிமோஷன்' எந்த நிலையில் இருந்தது என்றும் குறிப்பிடு, அடுத்த திருத்தம் அங்கேதான்.

அன்புடன்,
ரகு