ஃபென்வேக்கு இரண்டு வயது மூத்தது

அன்புள்ள பாப்பா,

ஃபென்வே பார்க்கில் நீயும் மாப்பிள்ளையும் எடுத்த படம் வந்தது. பாஸ்டன் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டுவிட்டது போல, முகம் தெளிவாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள். படத்துக்குக் கீழே, "அமெரிக்காவிலேயே பழைய பேஸ்பால் மைதானம் அப்பா, தெரியுமா?" என்று எழுதியிருந்தாய். மேஜர் லீகில், அதாவது பேஸ்பாலின் உச்ச மட்டப் போட்டியில், என்று சேர்த்துக்கொண்டால் சரி. ஃபென்வே திறந்தது 1912 ஏப்ரலில். நீ வளர்ந்த அலபாமா பர்மிங்ஹாமிலேயே, 1910 ஆகஸ்ட் 18-ஆம் தேதி திறந்த ரிக்வுட் ஃபீல்டு இன்னும் கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறது. நாட்டில் இன்றைக்கு மிச்சமிருக்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் அதுதான் மூத்தது. மாப்பிள்ளையிடம் இதை மெதுவாகச் சொல், கோபித்துக்கொள்ளப்போகிறார்.

ஃபோனில் சொல்லலாம் என்றால், பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற சிவில் இன்ஜினியருக்கு வேறு என்ன வேலை?

உனக்கு நம் ஊர் மைனர் லீக் அணி பாரன்ஸ் என்றாலே, பக்கத்து ஹூவரில் இருக்கும் ஹூவர் மெட் ஸ்டேடியம்தான். வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் வாணவேடிக்கை, கையெல்லாம் பிசுபிசுக்கும் பஞ்சு மிட்டாய், பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வீடு. மைக்கேல் ஜோர்டான் 1994-இல் கூடைப்பந்தை விட்டுவிட்டு வந்து பேஸ்பால் ஆடியதும் அங்கேதான். 127 ஆட்டம் ஆடி, வேலி தாண்டும் அடியான ஹோம் ரன் மூன்றே மூன்றுதான் அடித்தார். ஆனால் பாரன்ஸ் ஹூவருக்கு வந்ததே 1988-இல்தான். அதற்கு முன்னால் 1910 முதல் 1987 வரை அவர்கள் வீடு ரிக்வுட். ஹூவரில் 25 வருடம் இருந்துவிட்டு, 2013-இல் ஊர் நடுவில் ரீஜன்ஸ் ஃபீல்டுக்குப் போய்விட்டார்கள். ஹூவர் மெட்டுக்கு இப்போது கல்லூரி அணிகளின் போட்டிதான் பெரிய வரும்படி.

ரிக்வுட்டைக் கட்டியவர் ரிக் உட்வர்டு. இரும்புக் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை. முப்பது சொச்சம் வயதில் பாரன்ஸ் அணியை வாங்கினார். அப்போது அணி ஆடிக்கொண்டிருந்த மரக் கொட்டகை மைதானத்துக்கு ஊரார் வைத்த பெயர் 'ஸ்லாக் பைல்'. இரும்பு உருக்கும்போது கழித்துக் கொட்டும் கசடு பக்கத்தில் குன்றுபோலக் குவிந்திருக்கும். டிக்கெட் எடுக்காதவர்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்களாம். பர்மிங்ஹாமே 1871-இல் இரும்புக்காக உருவான ஊர். நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே இடத்தில் கிடைத்ததால் முளைத்த ஊர். இங்கே ஸ்டேடியம் கட்டினால் மரத்திலா கட்டுவார்கள்?

அந்தக் காலத்து மரக் கேலரிகள் அடிக்கடி தீப்பிடித்தன. யாராவது அணைக்காமல் போட்ட சுருட்டுத் துண்டு பலகை இடுக்கில் விழுந்தால் போதும். நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் கேலரியே 1911-இல் எரிந்து போனது. பிட்ஸ்பர்கும் ஃபிலடெல்ஃபியாவும் 1909-இல் கான்கிரீட்டும் எஃகும் வைத்துக் கட்டியதும் உட்வர்டு அவற்றைப் பார்த்துவிட்டு வந்தார். ஃபிலடெல்ஃபியா அணியின் கோனி மேக்கைக் கூப்பிட்டு மைதானத்தை எப்படி அமைக்கலாம் என்று யோசனை கேட்டார். சுமார் 75,000 டாலர் செலவு. மைனர் லீகில் கான்கிரீட், எஃகால் ஆன முதல் மைதானம் இதுதான். பெயர் தன் பெயரேதான்: ரிக் பாதி, உட்வர்டு பாதி. திறப்பு நாளில் கடைகளை அடைத்துவிட்டு ஊரே போயிருக்கிறது. பத்தாயிரம் பேருக்கு மேல். முதலாளி தானே சீருடை போட்டுக்கொண்டு முதல் பந்தை வீசினார். எதிரணி மான்ட்கோமரி. பாரன்ஸ் 3-2 என்று ஜெயித்தது.

1931-இல் இங்கே நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் தாங்களே நேரில் பார்த்த மாதிரி பேசுவார்கள். ஹூஸ்டன் அணியிலிருந்து டிஸ்ஸி டீன் என்று ஒரு பையன் வந்தான். வாய் நீளம், கை அதைவிட வேகம். பாரன்ஸ் பக்கம் அவனுக்கு எதிரே பந்து வீசியவர் 43 வயது ரே கால்டுவெல். பாரன்ஸ் 1-0.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். வெள்ளைக்காரர்களின் பாரன்ஸ் வெளியூர் போன நாட்களில், 1920 முதல் அதே மைதானத்தில் 'பிளாக் பாரன்ஸ்' ஆடினார்கள். கறுப்பினத்தவரின் அணி. சுரங்கத்திலும் உலைகளிலும் வேலை பார்த்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் திருவிழா. தேவாலயம் முடிந்ததும், போட்டிருந்த நல்ல உடுப்போடு நேராக ரிக்வுட்தான். சாட்சல் பேஜ் இருபதுகளின் கடைசியில் இவர்களுக்காகப் பந்து வீசினார். 1948-இல் பக்கத்து ஃபேர்ஃபீல்டில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். பெயர் வில்லி மேஸ், பின்னாளில் பேஸ்பாலின் பெரிய நட்சத்திரம். பள்ளி நடக்கும் காலத்தில் பெரும்பாலும் வார இறுதி ஆட்டங்கள்தான். மேனேஜர் பைப்பர் டேவிஸ் அவனைத் தம்பி மாதிரி பார்த்துக்கொண்டார். அந்த வருடம் நீக்ரோ லீக் உலகத் தொடர் வரை போய் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியிடம் தோற்றார்கள். அந்தத் தொடரே அதோடு நின்றுவிட்டது.

ஒரே மைதானம், ஒரே புல், ஆனால் இரண்டு உலகம். பாரன்ஸ் ஆடும்போது கறுப்பு ரசிகர்கள் வலது ஓரத்தில் அவர்களுக்கென்று ஒதுக்கிய கேலரியில்தான் உட்கார வேண்டும். நகராட்சிச் சட்டத்திலேயே இதற்குப் பிரிவு இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டு, தாயக்கட்டை, டாமினோ, பேஸ்பால், கால்பந்து எதுவும் ஆடக்கூடாது. டாமினோவைக் கூட விட்டுவைக்கவில்லை, பார். 1954-இல் நகராட்சி பேஸ்பாலுக்கும் கால்பந்துக்கும் மட்டும் தடையைத் தளர்த்தியது. சில மாதத்திலேயே ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1963-இல் ஊர்வலம் போன குழந்தைகள்மேல் நாயையும் தண்ணீர்க் குழாயையும் ஏவிவிட்ட புல் கானர் இருக்கிறாரே, உன் பள்ளிப் பாடத்தில் வருவாரே, அவர் அரசியலுக்கு வரும் முன்னால் வானொலியில் பாரன்ஸ் ஆட்டங்களை வர்ணனை செய்து ஊரெல்லாம் பெயர் வாங்கியவர். எனக்கு இது தெரிந்த அன்று தூக்கம் வரவில்லை. பேஸ்பால் குரல் என்று ஜனங்கள் பிரியமாகக் கேட்ட குரல் அது.

1961-க்குப் பிறகு பாரன்ஸ் ஆடிய லீகே கலைந்துபோனது. கலந்து ஆட மாட்டோம் என்ற பிடிவாதமும் அதற்கு ஒரு காரணம். பூங்காக்களில் எல்லாரையும் விட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், 1962-இல் நகராட்சி பூங்காக்களையே இழுத்துப் பூட்டியது. 1964-இல்தான் கறுப்பரும் வெள்ளையரும் கலந்த அணி ரிக்வுட்டில் இறங்கியது. 1967-இல், பின்னாளில் பெரிய நட்சத்திரமான கறுப்பின ஆட்டக்காரர் ரெஜ்ஜி ஜாக்சன் இங்கே ஆடினார். சாப்பாட்டுக் கடையில் உள்ளே விடவில்லை, ஹோட்டலில் அறை இல்லை. அணித் தோழர் ஜோ ரூடியின் வீட்டு சோஃபாவில் படுத்துக்கொண்டார். அந்த வீடு இருந்த கட்டடத்தையே கொளுத்திவிடுவோம் என்று மிரட்டினார்களாம். இதை அவரே 2024-இல் டி.வி.யில், ரிக்வுட்டுக்கு வந்தபோது சொன்னார். எவ்வளவு மனக் கஷ்டம் திரும்பி வந்தது என்று அந்த வயதிலும் மறைக்கவில்லை. அவர் பேசி முடித்த பிறகு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சரி, மைதானத்துக்கு வருவோம். பாரன்ஸ் 1987-இல் கோப்பையை ஜெயித்துவிட்டு ஹூவருக்குக் கிளம்பினார்கள். ரிக்வுட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரும் முன்வரவில்லை. இந்த மாதிரி இடங்களை அழிப்பது பெரும்பாலும் பணம்தான், பாப்பா. நல்லாயிருக்கும் ஊர் இருபது முப்பது வருடத்துக்கு ஒரு தடவை புதிது கட்டும். ரிக்வுட் இருக்கும் மேற்குப் பகுதியில் பணம் வற்றிவிட்டது. யாருக்கும் அந்த மனை தேவைப்படவில்லை. அதனால் தப்பியது. பிட்ஸ்பர்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் இதற்கு முன்மாதிரியாக இருந்த இரண்டு மைதானங்களும் எழுபதுகளிலேயே தரைமட்டம்.

1992-இல் உள்ளூர்க்காரர்கள் சிலர் 'ரிக்வுட்டின் நண்பர்கள்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, கூரை, இருக்கை, முகப்பு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, எதைத் தொடாமல் விட்டார்கள் என்பதுதான். உதாரணத்துக்கு, 1936-இல் போட்ட விளக்குக் கோபுரங்கள். மற்ற ஊர்களில் தரையிலிருந்து கம்பம் நட்டு விளக்கு மாட்டுவார்கள். இங்கே கேலரிக் கூரைமேலேயே எஃகுச் சட்டங்களைப் பொருத்தி, மைதானத்துக்கு மேலே முன்னால் நீட்டியிருக்கிறார்கள். முன்பக்க எடையை இழுத்துப் பிடிக்கப் பின்னால் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கையால் கணக்குப் போட்ட காலத்து வேலை.

அப்புறம் அந்த இரட்டைச் சுவர். 1928-இல் கட்டிய கான்கிரீட் சுவர் மைதானத்துக்குப் பின்னால் வெகு தூரத்தில் இருக்கிறது. பின்னாளில் ஹோம் ரன் அடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று உள்ளே ஒரு மர வேலி போட்டார்கள். இரண்டுக்கும் நடுவே புல் முளைத்த ஒரு சந்து. உள்ளே நடந்தால் பழைய சுவரில் ஒரு பெருக்கல் குறி தெரியும். 1948-இல் வால்ட் ட்ரோப்போ அடித்த பந்து பட்ட இடம் என்கிறார்கள். பேப் ரூத் அடித்த பந்து தாண்டிப்போய் ஓடும் சரக்கு ரயிலில் விழுந்தது என்ற கதையும் உண்டு. அதற்குக் குறி எதுவும் இல்லை, கதைக்கு எதற்குக் குறி?

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நெருடல். அந்தப் பழைய ஸ்கோர்போர்டும், வேலியில் வரைந்த அந்தக் காலத்து விளம்பரங்களும் நிஜத்தில் பழையவை இல்லை. தொண்ணூறுகளில், டை காப் என்ற பழைய பேஸ்பால் வீரரின் வாழ்க்கையைப் படம் எடுக்க வந்தவர்கள் போட்ட செட். அழகாக இருக்கிறதே என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். இப்போது அதற்கும் முப்பது வயது, அதுவும் பழசாகிவிட்டது. என்ன செய்ய?

அந்தச் சங்கம் 1996 முதல் வருடத்துக்கு ஒரு நாள் பாரன்ஸ் அணியை இங்கே கூட்டிவந்து பழைய சீருடையில் ஆடவைத்தது. பெரும்பாலும் வேலை நாள், நட்ட நடு மதியம். உனக்குப் பள்ளி, எனக்கு ஆபீஸ். நாம் போகாததன் காரணம் அதுதான்.

2023 ஜூனில் மேஜர் லீக் அடுத்த வருடம் இங்கே ஓர் ஆட்டம் என்று அறிவித்தது. ஒரே வருடம். அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், புல் முழுவதையும் உரித்துவிட்டிருந்தார்கள். நாம் கண்ணால் பார்க்கும் மைதானம் மேல்தோல்தான். அடியில் தண்ணீர் வடிய வழி இல்லாவிட்டால் அலபாமா மழைக்கு ஒரு மணி நேரத்தில் குளமாகிவிடும். அதனால் அடிமண் முதல் வடிகால், புதுப் புல், ஆட்டக்காரர்கள் உட்காரும் டகவுட், சுவருக்கு மெத்தை, ரசிகர்களைக் காக்கும் வலை எல்லாம் இன்றைய விதிப்படி. ஆனால் கூரையும் தூணும் முகப்பும் பழையபடியே. என் தொழிலில் இதுதான் கஷ்டமான வேலை. புதிதாகக் கட்டுவது இதைவிட எளிது.

2024 ஜூன் 18 அன்று மைனர் லீக் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பாரன்ஸும் மான்ட்கோமரியும், 1910 திறப்பு நாளில் ஆடிய அதே இரண்டு ஊர். நடுவில்தான் வில்லி மேஸ் காலமான செய்தியை அறிவித்தார்கள். வயது 93. இரண்டு நாள் கழித்து ஜூன் 20-இல் ஜயன்ட்ஸ், கார்டினல்ஸ் ஆட்டம். அலபாமாவில் நடந்த முதல் மேஜர் லீக் பந்தய ஆட்டம். நடுவர்கள் அத்தனை பேரும் கறுப்பினத்தவர், மேஜர் லீகில் அதுவும் முதல் முறை. மேஸோடு பிளாக் பாரன்ஸில் ஆடிய பில் கிரீசன், 99 வயதில், முதல் பந்தை வீசினார். கார்டினல்ஸ் 6-5. நமக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, வீட்டில்தான் பார்த்தோம். நடுவில் ஓர் இன்னிங்ஸைக் கறுப்பு வெள்ளையில் காட்டினார்கள். டி.வி. போய்விட்டது என்று அம்மா ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

ஜூலையில் வருவதாகச் சொன்னாயே, ஒரு நாளை இதற்கு ஒதுக்கு. ரீஜன்ஸ் ஃபீல்டு பக்கத்தில் நீக்ரோ சதர்ன் லீக் அருங்காட்சியகம் இருக்கிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டு ரிக்வுட் போகலாம். உள்ளே விடும் நேரத்தை நான் கூப்பிட்டுக் கேட்டு வைக்கிறேன். வெயில் கொளுத்தும், இருவரும் தொப்பி எடுத்து வாருங்கள். உங்கள் பாஸ்டன் அணி ரெட் சாக்ஸின் தொப்பி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மாப்பிள்ளைக்கு மீன் குழம்பா கோழியா என்று அம்மா கேட்கிறாள், பதில் போடு. விமான டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்.

அன்புடன்,
அப்பா