தொட்டிலுக்கு மேல தொங்கிற வளையம்

தண்டர் பே, கனடா

அன்புள்ள பிள்ளைக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மருமகன் அனுப்பின படங்கள் பார்த்தனான். குஞ்சனுக்கு நல்லாக் கன்னம் வைச்சிருக்கு. ஒரு படத்திலகூட உன்ர முகம் இல்லை. சரக்குத்தூள் வந்து சேர்ந்ததோ? மத்தியானத்திலயாவது ஒரு கறி வைச்சுச் சாப்பிடு.

தொட்டிலுக்கு மேல ட்ரீம்கேச்சர், அதுதான் கெட்ட கனவைப் பிடிக்குமெண்டு வலை பின்னின வளையம், தொங்கிறதைக் கண்டனான். நீ ஆசையா வாங்கியிருப்பாய். ஆனால் இரும்பு வளையமும் நீலச் சாய இறகும் முழ நீளத்துக்குத் தொங்குது, குஞ்சன்ர கைக்கு எட்டினால் கழுத்தில சுத்திப்போடும். கழட்டிச் சுவரில மாட்டு.

காமினிஸ்டிக்குவா ஆற்றுக்கு அங்கால ஃபோர்ட் வில்லியம் ஒஜிப்வே பழங்குடிச் சனம் இருக்கிற இடம் உனக்குத் தெரியும்தானே. அவையின்ர பழைய வளையம் உள்ளங்கைக்குள்ள அடங்கும். அவையின்ர வழக்கங்களை ஆராய்ஞ்ச ஃபிரான்சஸ் டென்ஸ்மோர் எண்டவ 1929இல எழுதினதில மூண்டரை அங்குலம் எண்டு அளவே போட்டிருக்கிறா. பிள்ளையைக் கட்டி வைக்கிற தொட்டில் பலகையில, தலைமாட்டில வளைஞ்சு நிக்கிற கம்பில இரண்டு தொங்குமாம். முந்தி காஞ்சோண்டி நாரில பின்னினவையாம், பிறகு சிவப்புச் சாயம் தோய்ச்ச நூலில. சிலந்தி வலையில முட்டினது ஒட்டிக்கொள்ளுற மாதிரி, காத்தில வாற தீங்கு பிள்ளையில படாமல் அதில சிக்கிப்போகும் எண்டது அவையின்ர நம்பிக்கை. கெட்ட கனவும் அப்பிடித்தான், விடிஞ்சு வெயில் பட்டால் அழிஞ்சுபோகும்.

அசிபிகாஷி எண்ட சிலந்திப் பாட்டிதான் முதல்ல எல்லாப் பிள்ளையளையும் காத்தவவாம். சனம் ஏரிக்கரை வழியத் தூரந் தூரமாப் பரவிப்போக, அவவுக்கும் எல்லாத் தொட்டிலுக்கும் போய்ச்சேர ஏலாமல் போச்சு. அதுக்குப் பிறகுதான் அம்மாமாரும் சகோதரிமாரும் அம்மம்மாமாரும் அவவுக்காகப் பின்னத் தொடங்கினவை. பெத்தவள் தனிய இருந்து பின்னோணும் எண்டு ஆரும் சொல்லேல்லை, பிள்ளை.

வளையத்துக்கு வளைக்கிற வில்லோ மரக் குச்சியும் பின்னுற மிருகத் தசைநாரும் காய்ஞ்சு காலப்போக்கில தளர்ந்துபோகும். பிள்ளை வளர்ந்திடும் எண்டுதான் அப்பிடி விடுறவை. கடைச் சாமான் உக்காது. 1960, 70களில மற்றப் பழங்குடிகளிட்டயும் பரவி, பிறகு ஃபாக்டரிக்குப் போச்சு. இனி வாங்கினால் ஒஜிப்வே ஆக்கள் கையால பின்னினதா, ஆர் பின்னினது எண்டு கேட்டு வாங்கு. காசும் அவைக்குத்தான் போய்ச்சேரோணும்.

குஞ்சன் இரவில நல்லா நித்திரை கொள்ளுறான் எண்டு மருமகன் சொன்னவர். பிறகேன் சாமத்தில நீ ஒன்லைனில நிக்கிறாய்? எடுத்தால் "ஓம் அம்மா, சுகம்" எண்டுபோட்டு வைக்கிறாய். தனியப் போய்ப் படிச்சு, தனிய வேலை எடுத்தனீ, அதை ஊரெல்லாம் சொல்லித் திரியிறன். அதுக்காக இதையும் தனியத் தாங்கவேணுமோ? சாப்பிடு. அவன் படுக்கிற நேரம் நீயும் படு. அழுகை வருதெண்டால் டொக்டரிட்டச் சொல்லு, பிள்ளை பெத்த கனபேருக்கு வாறது, அதுக்கு வைத்தியம் இருக்கு.

எனக்கு இங்க ஒரு வேலையும் இல்லை. வெள்ளி பின்னேரம் எடுப்பன். நீ எடுக்காட்டி மருமகனிட்ட டிக்கெட் போடச் சொல்லுவன்.

அன்புடன்,
அம்மா