பேப்பர் கப்பும் தண்ணீர்க் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'பூமியை நோகடிக்காத பிறந்தநாள்' என்று சென்ற இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நல்ல காரியம். அதில் ஒரு வரி: "எவர்சில்வர் பாத்திரம் கழுவத் தண்ணீர் ஏராளமாகச் செலவாகும், எனவே பேப்பர் கப், பேப்பர் தட்டுகளே சிறந்தவை." எழுதியவர் கடைசியாகப் பாத்திரம் தேய்த்தது எப்போது என்று கேட்பது மரியாதையாக இருக்காது. கேட்கவில்லை.

பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன் நான். 25 குழந்தைகள் வரும் வீட்டுக்கு 30 தட்டு, 30 டம்ளர், 30 ஸ்பூன் போதும். கழுவ 12 லிட்டர் பிடிக்கும் அன்னக்கூடை மூன்று வேண்டும். முதலாவதில் சோப்புத் தண்ணீர், மற்ற இரண்டில் வெறும் தண்ணீர். முதல் கூடை கலங்கினால் கொட்டிவிட்டு இரண்டாவதில் சோப்பைக் கலக்கி முன்னால் தள்ளி, கடைசியில் ஒரு கூடை புதிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மொத்தம் 50 லிட்டரைத் தாண்டாது. மேலே மூடி திறக்கும் வாஷிங் மெஷின் ஒரு முறை ஓட இதைவிட அதிகம் குடிக்கும். தண்ணீர் கன்னாபின்னாவென்று போவது பாயசமும் ஐஸ்கிரீமும் காய்ந்து ஒட்டிய பிறகு, குழாயைத் திறந்துவிட்டுத் தேய்ப்பதால். சாப்பிடும் இடத்திலேயே பாதித் தண்ணீரோடு ஒரு பக்கெட்டை வைத்து, எச்சில் டம்ளரை அதில் போடச் சொன்னால் வேலை பாதி முடிந்தது.

இன்னும் சிக்கனம் வேண்டுமானால் டிபன் கடைக்காரர்களைப் பார்க்கலாம். தட்டின் அளவுக்கு வட்டமாக நறுக்கிய வாழையிலையைத் தட்டின் மேல் போட்டுப் பரிமாறுவார்கள். இலை குப்பைக்குழிக்கு, தட்டு ஒரே அலசலில் சுத்தம். டம்ளரும் 100 மில்லி பிடிக்கும் காபி டம்ளராக இருக்கட்டும். பெரிய டம்ளரில் ஊற்றினால் பிள்ளைகள் பாதியை மிச்சம் வைப்பார்கள், கீழேயும் கொட்டுவார்கள்.

பேப்பர் கப்பின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அது இல்லாவிட்டால் கப் ஊறிப் போகும். அதை எளிதில் பிரிக்க முடியாததால்தான் பழைய பேப்பர்காரர்கூடத் தொடுவதில்லை. பிளாஸ்டிக் பூசிய கப், தட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போயும், கப்புக்கான தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தங்கள் பத்திரிகை அதை வாசகர்களுக்குச் சிபாரிசு செய்கிறது!

இது புதிதா என்ன? தெர்மாகோல் அலங்காரத்துக்கும் பலூனில் செருகும் பிளாஸ்டிக் குச்சிக்கும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. அதற்குப் பிறகும் தங்கள் கொலு சிறப்பிதழில் தெர்மாகோல் மலை செய்முறை வந்தது. அப்போது எழுதிய கடிதம் அச்சேறவில்லை. இடநெருக்கடியாக இருந்திருக்கும், விளம்பரங்களும் வாழ வேண்டுமே.

இந்தக் கட்டுரையிலும் 'மக்கும் பலூன்' வளைவு ஒரு முழுப்பக்கம். ரப்பர் பலூன் வாழைப்பழத் தோல் மாதிரி ஒரு வாரத்தில் மக்குவதில்லை. வெடித்த துண்டை இரண்டு வயதுப் பிள்ளை வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அப்படியே மூடிக்கொள்ளும். அதற்கு ஓரமாக ஒரு எச்சரிக்கை கூடவா கிடையாது? பலூனுக்குப் பதில் குருத்தோலைத் தோரணம் கட்டலாம். காலையில் வெட்டிய ஓலையை ஈரச் சாக்கில் சுற்றிவைத்தால் மாலை வரை வாடாது. மடிப்பை ஈர்க்கால் குத்த வேண்டும், ஸ்டேப்ளர் கூடாது. விழா முடிந்ததும் அந்த ஓலை மாட்டுக்குத்தான் போகும். ஸ்டேப்ளர் முள் இருந்தால் அதுவும் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். கட்டுவதற்கு நைலானை விட்டுத் தேங்காய்நார்க் கயிறு.

கேக்கைப் பற்றிக் கட்டுரையில் மூச்சே இல்லை. அட்டைப்பெட்டி, ஜிகினாத் தாள் ஒட்டிய அடித்தட்டு, பிளாஸ்டிக் கத்தி எல்லாம் அதோடுதான் வருகின்றன. ஆர்டர் கொடுக்கும்போதே வீட்டுத் தட்டைக் கொடுத்து வைத்தால் பேக்கரிக்காரர் அதிலேயே செய்து தருவார். ஒரு கிலோ வட்டக் கேக்குக்குச் சுமார் 12 அங்குலத் தட்டு சரியாக இருக்கும். கேக் வந்த பிறகு தட்டு மாற்றினால் க்ரீம் இடிந்து கெடும். மிச்ச க்ரீமை உரத்தொட்டியில் போட்டால் எறும்பு மொய்க்கும், மண்ணில் புதைத்துவிடலாம்.

வருகிறவர்களுக்கு நுனியில் விதை வைத்த விதைப்பென்சில் கொடுக்கச் சொன்னதையும் ரசித்தேன், அதுவும் ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில்! தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் முடையும் பனையோலைப் பெட்டியில் நாலு கடலை உருண்டை வைத்துக் கொடுத்தால் பெட்டியாவது வீட்டில் புழங்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பேப்பர் கப் பற்றிய அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்தின் மூலையில், பொடி எழுத்தில் இருந்தாலும் போதும். சந்தாதாரர்களுக்கு இதழ் பிளாஸ்டிக் உறையில் வருவது பற்றித் தனிக் கடிதம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பாத்திர வாடகைக் கடைக்காரன்,
மன்னார்குடி